உடம்பு விசாரிக்கப் போவது

அழைப்பில்லாமலே பந்துக்கள் வீட்டுக்குப் போக வேண்டிய சமயங்கள் இரண்டு உண்டு. ஒன்று துக்கம் விசாரிக்கப் போவது; மற்றொன்று உடம்பு விசாரிக்கப் போவது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சிலர் அறவே மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தத்துக்குரிய விஷயம்.

நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "இதே வியாதிதான் எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் வந்தது, நன்றாய்ப் பேசிக்கொண்டிருந்தார், பாவம், மூன்றாம் நாள்..." என்று ஆரம்பிக்கும் அன்பர்களை நேயர்கள் அவசியம் பார்த்திருப்பார்கள். வைத்தியர் கொடுத்த மருந்தை ஒதுக்கிவிட்டுத் தமக்குத் தெரிந்த கஷாயம் ஒன்றைச் சிபாரிசு செய்வோரும் உண்டு. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலந்து கொடுத்து, டம்ளர்களைக் கழுவி வைப்பதற்குள், நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கும் வேளை தவறிப் போகிறது. முந்திய இரவு முழுதும் கண் விழித்த அந்த வீட்டு அம்மாளைப் பார்த்து, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்பார் யாருமில்லை.

திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்லியிருக்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவரையும் நான்காவதாக வைத்து எண்ணியிருக்கிறார். அந்த நான்காமவர் தளர்ந்துவிட்டால் மருந்து வேளை தவறும், பத்தியம் கெடும். ஆதலின் உடம்பு விசாரிக்கச் செல்பவர் நோயாளியைப் போலவே அவரையும் கவனித்தல் அவசியம்.

நாலு நாள் ஜுரமாயிருந்தால் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் நோயில்தான் பந்துக்களின் அன்பு உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. க்ஷயரோகம் என்று முன்னே வழங்கிய காசநோயையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இந்நோய் கண்டவரை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துவதே முறையாயிருந்தது. தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928-ல் ஆரம்பித்ததைப் போன்ற ஆரோக்கிய நிலையங்களில் நல்ல காற்று, ஓய்வு, போஷாக்கான உணவு இவையே பெரும்பாலும் சிகிச்சையாக இருந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான்.

மருந்துகள் வந்த பிறகும், வீட்டில் வைத்துக்கொண்டால் குணமாகாது, பிறருக்கும் தொற்றிவிடும் என்ற அச்சம் நீங்கவில்லை. அதைப் போக்கியது நமது சென்னை நகரத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி. 1956-ல் தொடங்கிய அவ்வாராய்ச்சியில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியார் ஆரோக்கிய நிலையத்திலும், மற்றவர்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியும் ஓராண்டு ஒரே மருந்தை உட்கொண்டார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு இடநெருக்கடி, உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் குணமடைந்ததில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசமில்லை. 5 ஆண்டுகள் கவனித்துப் பார்த்ததில், வீட்டில் வைத்துப் பேணிய குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவது மற்றக் குடும்பங்களைவிட அதிகமாக இல்லை என்பதும் தெரிய வந்தது. ஏழைக் குடும்பமும் தன் நோயாளியைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியும் என்பதை உலகம் இதனால் அறிந்தது.

ஆனால் பந்துக்களின் அச்சம் இன்னும் போனபாடில்லை. ஆசிரியராக இருப்பவருக்கு மாணவர்களின் வீட்டுச் செய்திகள் சில தாமே தெரிய வருகின்றன. வேளை தவறாமல் வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் தினமும் தாமதமாக வரலானான். விசாரித்தேன். தகப்பனாருக்குக் காசநோய், தாயார் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுகிறாள், கஞ்சி வைத்துக் கொடுத்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் புறப்பட வேண்டும். மாமாவும் சித்தப்பாவும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்து பார்த்தவர்கள், வியாதியின் பெயரைக் கேட்ட பிறகு வாசற்படி மிதிக்கவில்லை. "அத்தை மட்டும் சனிக்கிழமை வருவாங்க, ஸார். அன்றைக்கு அம்மா தூங்குவாங்க" என்றான் பையன்.

அந்த அத்தை அறிந்ததை நாமும் அறிந்துகொள்ள வேண்டும். இன்று காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சில வாரங்களிலேயே ஜுரமும் இருமலும் தணிந்து, உடம்பு சற்றுத் தேறுகிறது. "இனி மருந்து எதற்கு?" என்ற எண்ணம் தலைகாட்டுவது அப்போதுதான். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறிவிடக் கூடும். முதல் வாரத்தில் கூட்டமாகச் சென்றவர்கள் மூன்றாம் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் ஒவ்வொருவராகச் சென்று, "மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறீர்களா, அண்ணா?" என்று அன்போடு கேட்டால், அது பேருதவியாகும். சரியான மருந்து தொடங்கிய பின் தொற்றும் தன்மை விரைவில் குறைகிறது. எப்போது போகலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதும் போதிய முன்ஜாக்கிரதை. டம்ளரைத் தனியே ஒதுக்கி வைத்து மனத்தை நோகச் செய்ய வேண்டியதில்லை.

வெறுங்கையோடு போகலாகாது என்பது நம் வழக்கம். ஆனால் எதைக் கொண்டு போவது? ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை ஆகியவை கொடுத்ததில், அவர்களுக்கு அந்நோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாம். ஆகவே ஹார்லிக்ஸ் புட்டி ஒன்றை வாங்கிப் போவதைவிட, வீட்டார் அனைவரும் உண்ணும்படி அரிசியும் பருப்பும் கொடுப்பது மேல். கொடுப்பதையும் நாலு பேர் அறியாமல் கொடுக்க வேண்டும்.

பொருள் கொடுக்க இயலாதவர்கள் ஒரு பகல் கொடுக்கலாம். மருந்து வாங்கி வரலாம். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். அடுப்படியைக் கவனித்துக்கொண்டு அந்த வீட்டு அம்மாளைச் சற்றே படுத்துக்கொள்ளச் செய்யலாம். இந்த வாரம் வீட்டுப் பெரியவர்கள் சற்று யோசித்துப் பார்க்கட்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் நாம் போய் உடம்பு விசாரித்துவிட்டு வந்து, பிறகு மறந்தே போன வீடு எது? அந்த வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம்.