சுல்தான் வீட்டுப் பிள்ளைகளா குடியானவனின் ரட்சகர்கள்?

2018-ல் ‘பஃபலோ பாய்ஸ்’ என்ற சண்டைப் படம் வந்தது. மைக் விலுவான் டைரக்ட் செய்தது. கதை 1860-ல், டச்சுக்காரன் ஆண்ட ஜாவாவில் நடக்கிறது. டச்சுக் கேப்டன் ஒருவன் சுல்தானைக் கொன்றுவிடுகிறான். சுல்தானின் மைந்தர் இருவரும் சித்தப்பாவோடு தப்பி அமெரிக்காவில் வளர்ந்து, பழி வாங்கத் திரும்புகிறார்கள். கிராமத்திலோ நெல் விளைய வேண்டிய மண்ணில் அபினி போடச் சொல்லி டச்சுக்காரன் வதைக்கிறான். பிறகென்ன? கத்தி, துப்பாக்கி, கைச்சண்டை!

சண்டைகளை நாம் குறை சொல்லவில்லை. எருமை மீதேறி வில் பிடித்து வரும் பெண்ணைப் பார்த்தால் யாரும் கைதட்டுவார்கள். வெள்ளையனின் கொடுமையைத் திரையில் காட்டியதும் நல்லதே. ஆனால் கதையில் இரண்டு பெரிய புரட்டுகள் இருக்கின்றன.

ஒன்று, அபினி. ஜாவாவில் டச்சு சர்க்கார் அபினியை விற்றுக் கொள்ளையடித்தது உண்மை. ஆனால் அந்தச் சரக்கு வங்காளத்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் கப்பலில் வந்தது. ஜாவாக் குடியானவனின் முதுகை ஒடித்தவை கரும்பு, காப்பி, அவுரி! 1830-ல் வான் டென் போஷ் என்ற கவர்னர் ஜெனரல் கட்டாய சாகுபடி முறையைக் கொண்டுவந்தான். ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை சர்க்கார் பயிருக்கு விட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பிடுங்கியது அதற்கும் மேல். கரும்பை வெட்டி, வண்டியேற்றி, ஆலையில் வேலை செய்ததும் அதே ஏழைகள்தான். 1849-50-ல் டெமாக், குரோபோகான் பகுதிகளில் பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்தார்கள். 1877-க்குள் ஹாலந்து கஜானாவுக்குப் போனது 80 கோடி கில்டருக்கும் மேல். அந்நாட்டு ரயில் பாதைகள் இந்தப் பணத்தில் போடப்பட்டன. சர்க்கரை இன்றும் கௌரவமான வியாபாரம். அபினி என்றால் எவனும் முகம் சுளிப்பான். அதனால்தானோ என்னவோ, படத்தில் பயிர் மாறிவிட்டது!

இரண்டாவது புரட்டு இதைவிட மோசம். சுல்தான் வீட்டு ரத்தம் குடியானவனைக் காக்க வருகிறதாம்! அந்தக் கரும்பை யார் மூலம் பிடுங்கினான் டச்சுக்காரன்? ‘புபாத்தி’ என்ற ஜாவாப் பிரபுக்கள் மூலம்தான். விளைச்சலுக்கு இத்தனை என்று அவர்களுக்குக் கமிஷன். ஊர்த் தலைவனுக்கும் அதில் பங்கு. டச்சு அதிகாரியாக இருந்தவரே ‘முல்தாத்துலி’ என்ற புனைபெயரில் இந்தக் கூட்டுக் கொள்ளையை நாவலாக எழுதினார். அது வெளிவந்த வருஷம் எது தெரியுமா? 1860! படம் நடக்கும் அதே வருஷம். குடியானவனின் எருமையைப் பிடுங்கிக்கொண்டு போனது சொந்தப் பிரபுவின் ஆள் என்று அந்த நாவல் சொல்கிறது. ‘எருமைப் பையன்கள்’ என்று பெயர் வைத்தவர்கள் அதைப் படித்தார்களா?

படத்தில் கையாட்கள் சிலர் வருகிறார்கள்; பிரபு வர்க்கம் மட்டும் தப்பித்துக்கொள்கிறது. கிராமத்தாரோ அடி வாங்கவும் அழவும் காத்துக்கிடக்கிறார்கள்.

காத்துக்கிடந்தார்களா ஜாவாக் குடியானவர்கள்? 1888-ல் பான்டனில் ஹாஜிகளோடு சேர்ந்து ஆயுதமெடுத்தார்கள். 1926-ல் அதே பான்டனில் கம்யூனிஸ்டுகளோடு மறுபடியும் எழுந்தார்கள். 1927-ல் மேற்குச் சுமத்ரா எழுந்தது. பிடிபட்டவர்கள் சுமார் 13,000 பேர். நியூகினிக் காட்டில் போவன் டிகுல் என்ற முகாமையே கட்டி, நூற்றுக்கணக்கானவர்களை டச்சுக்காரன் அங்கே அடைத்தான். அவர்களில் எத்தனை பேர் சுல்தான் வீட்டுப் பிள்ளைகள் என்று படமெடுத்தவர்களைக் கேட்கிறோம்.