தலைக்கவசத்துக்குள் தெரிந்த முகங்கள்



'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொடரை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்து முடித்தேன். போர்ப் படங்கள் என்றாலே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. துப்பாக்கி பேசத் தொடங்கியதும் மனிதர்கள் வாயடைத்துப் போவார்கள். கொடி பறக்கும், இசை எழும்பும், செத்தவர்கள் வெறும் எண்ணிக்கையாகிவிடுவார்கள். இந்தத் தொடரை நம் வாசகர்கள் சிலர் கடிதங்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. பார்த்து முடித்த பிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. உங்களோடு இதைப் பேசாமல் இந்த இதழை அச்சுக்கு அனுப்பவும் மனம் வரவில்லை.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் டாம் ஹாங்க்ஸும் சேர்ந்து எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காகத் தயாரித்த பத்து அத்தியாயத் தொடர் இது. வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் 1992-இல் எழுதிய நூல்தான் அடிப்படை. அமெரிக்க ராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவில் 'ஈஸி கம்பெனி' என்று ஒரு சிறு அணி இருந்தது. பாராசூட்டில் குதித்துப் போரிடும் காலாட்படை. அந்த இளைஞர்கள் 1942-இல் ஜார்ஜியா மாநிலத்தின் டோக்கோவா முகாமில் பயிற்சிக்குச் சேர்ந்ததில் தொடங்கி, 1945-இல் ஆஸ்திரியாவில் போர் முடிந்த செய்தியைக் கேட்பது வரைக்கும் கதை போகிறது. எல்லோரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது 2001 செப்டம்பர் 9 அன்று. இரண்டே நாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. பழைய போர் ஒன்றை நினைத்துப் பார்க்க உட்கார்ந்த நாடு, அடுத்த வார ஒளிபரப்புக்குள் புதிய போரின் வாசலுக்கு வந்துவிட்டது.

முதலிரண்டு அத்தியாயங்களில் யார் யார் என்றே பிடிபடவில்லை. ஒரே சீருடை, ஒரே தலைக்கவசம், முகமெல்லாம் கரி. முகாமுக்குப் பக்கத்தில் குராஹீ என்றொரு மலை. மூன்று மைல் ஏறி மூன்று மைல் இறங்க வேண்டும், அதுவும் ஓட்டமாக. பயிற்சி தரும் கேப்டன் சோபெல் அவர்களை வாட்டி எடுக்கிறார். ஒருநாள் வயிறு நிறைய ஸ்பெகட்டி போட்டுவிட்டு உடனே மலையேறச் சொல்கிறார். ஓடுகிறவர்கள் வழியெல்லாம் வாந்தி எடுக்கிறார்கள், ஆனாலும் நிற்கவில்லை. அந்த மனிதர்மேல் இருந்த வெறுப்புதான் அவர்களை ஒன்றாகக் கட்டியது என்று அவர்களில் பலர் பின்னாளில் சொன்னார்கள். 1944 ஜூன் 6 அதிகாலையில் பிரான்ஸின் நார்மண்டியில் குதிக்கிறார்கள். அப்போது அணித் தலைவராக இருந்த மீஹன், தரையைத் தொடுவதற்கு முன்பே விமானத்தோடு எரிந்துபோகிறார். அணியின் இன்னொரு அதிகாரியான ரிச்சர்ட் விண்டர்ஸ் துப்பாக்கியைக்கூட வானத்திலேயே பறிகொடுத்துவிட்டு இருட்டில் வந்து விழுகிறார். பொழுது விடிந்ததும் ஏறத்தாழ ஒரு டஜன் பேரை வைத்துக்கொண்டு பிரெகூர் பண்ணையருகே நான்கு ஜெர்மன் பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்கிறார். ராணுவப் பள்ளிகளில் பாடமாகச் சொல்லப்படும் தாக்குதல் அது. எனக்கு மனதில் நின்றது தாக்குதல் அல்ல, அது முடிந்தபிறகு தனியாக உட்கார்ந்திருக்கும் விண்டர்ஸின் முகம். டேமியன் லூயிஸ் இந்தப் பாத்திரத்தில் எங்கேயும் மிகையாக நடிக்கவில்லை.

முகங்கள் ஒவ்வொன்றாகப் பழகிவருகிற நேரத்தில்தான் பாஸ்டோன் வருகிறது. இனி அடையாளம் தெரிந்த ஆட்கள்தான் விழப்போகிறார்கள்.

1944 டிசம்பர். பெல்ஜியத்தின் ஆர்டென் காடு. ஜெர்மானியர்கள் பாஸ்டோன் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். குளிருக்கான உடுப்பு இல்லை, குண்டுகள் குறைவு, மருந்து அதைவிடக் குறைவு. ஆறாவது அத்தியாயம் முழுவதும் யூஜீன் ரோ என்ற மருத்துவ உதவியாளர் பின்னாலேயே போகிறது. அவர் கையில் துப்பாக்கி கிடையாது. குழிக்குக் குழி போய், உன்னிடம் கட்டுத்துணி இருக்கிறதா, மார்ஃபின் ஊசி இருக்கிறதா, ஒரு கத்தரிக்கோல் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போர் என்றால் என்ன என்பதை இந்த அலைச்சல் எனக்கு விளக்கியதைப் போல எந்தப் போர்க்களக் காட்சியும் விளக்கியதில்லை. காயம்பட்டவர்களை ஊருக்குள் கொண்டுபோகும்போது அங்கே ரெனே லெமேர் என்ற செவிலியைப் பார்க்கிறார். இருவரும் இரண்டொரு வார்த்தைதான் பேசிக்கொள்கிறார்கள். அவள் ஒரு சாக்லேட் கொடுக்கிறாள். பிறகு குண்டு விழுகிறது. இடிபாட்டில் அவளுடைய தலைத்துணி மட்டும் கிடக்கிறது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காட்டுக்குத் திரும்புகிறார் ரோ. கடைசியில் ஒரு நண்பனின் கையில் வெட்டுக்காயம். கட்டுவதற்கு வேறு துணி இல்லை. ஒரு கணம் தயங்கிவிட்டு, அந்தத் தலைத்துணியைக் கிழித்துக் கட்டுகிறார்.

ரோவும் ரெனேயும் சந்தித்தது கற்பனை. ரெனே கற்பனை இல்லை. பாஸ்டோனைச் சேர்ந்த அந்தப் பெண் 1944 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, மருத்துவ நிலையத்தின்மேல் விழுந்த குண்டில் இறந்துபோனார். அதே இரவில் உயிர் தப்பிய இன்னொரு செவிலி அகஸ்டா சிவி. கொங்கோ தாய்க்கும் பெல்ஜியத் தந்தைக்கும் பிறந்தவர். தொடரில் வேறொரு பெயரில் சிறிது நேரமே தலைகாட்டுகிறார். உண்மையில் அவர் நெடுநாள் வாழ்ந்தார், 2011-இல் பெல்ஜியம் அவரைக் கௌரவித்தது, 2015-இல் காலமானார். காயம்பட்ட வீரர்களுக்கு நடுவே நின்ற ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அவர் பெயரையே கொடுத்து, இன்னும் சில நிமிடங்களும் கொடுத்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

அடுத்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு நான் சில நாள் இடைவெளி விட்டேன். ஜோ டாய் என்ற வீரருக்குக் குண்டுவீச்சில் கால் போகிறது. அவரை இழுத்துவரப் போன பில் குவார்னியருக்கும் கால் போகிறது. இதைக் கண்ணெதிரே பார்த்த பக் காம்ப்டன் என்ற திடகாத்திரமான அதிகாரி, அதோடு உள்ளுக்குள் முறிந்துவிடுகிறார். ஸ்கிப் மக்கும் அலெக்ஸ் பென்கலாவும் படுத்திருந்த குழிமேலேயே ஒரு குண்டு விழுகிறது. புதைப்பதற்குக்கூட மிச்சம் இல்லை. அவர்களின் நண்பன் மலார்க்கி அதற்குப் பிறகு பேசும் பேச்சு குறைந்துபோகிறது.

இந்தத் தொடரை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. மனம் உடைந்தவனை அது கோழை என்று சொல்லவில்லை. காம்ப்டனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தாழ்வாகப் பேசவில்லை என்று சார்ஜென்ட் லிப்டன் சொல்கிறார். போய்ப் படுக்கையில் பார்க்கிறார்கள், பக்கத்தில் உட்காருகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காம்ப்டன் போருக்குப் பிறகு வழக்கறிஞரானார். ராபர்ட் கென்னடி கொலை வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடினார். பின்னர் நீதிபதியாகவும் இருந்தார். ஒரு காட்டில் முறிந்த மனிதர் இன்னொரு வாழ்க்கையில் எழுந்து நின்றிருக்கிறார். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் மனச்சோர்வு என்று சொல்லத் தயங்கி உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொண்டே இந்தப் பகுதியைப் பார்த்தேன்.

அந்த அத்தியாயத்தின் முடிவில் ஒரு தேவாலயம். சிறுமிகள் பாடுகிறார்கள். வீரர்கள் இருக்கைகளில் களைத்துச் சாய்ந்திருக்கிறார்கள். லிப்டனின் குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, இறந்தவர்களும் காயம்பட்டுப் போனவர்களும் அந்த இருக்கைகளிலிருந்து மறைகிறார்கள். கணக்கு காட்ட எத்தனையோ வழிகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து இதைவிடக் கனமான வழி இல்லை. இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் ஒரு பழைய விமானக் கொட்டகைக்குள் மரங்களை நட்டு, காகிதத்தால் பனி செய்து அந்தக் காட்டை உருவாக்கினார்களாம். பார்க்கும்போது நமக்கு விரல் விறைக்கிறது.

ஒன்பதாவது அத்தியாயத்துக்கு முன்பு உங்களை எச்சரிக்க வேண்டும். 1945 ஏப்ரல் இறுதி. போர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வீரர்களுக்குச் சலிப்பு. ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் அருகே ரோந்து போன ஒரு குழு காட்டுக்குள் ஒரு வேலியைப் பார்க்கிறது. காஃபரிங் முகாம்களில் ஒன்று. டாஹௌ வதைமுகாமின் கிளை. யூதர்களை அடைத்து வைத்து, பூமிக்கடியில் விமானத் தொழிற்சாலை கட்ட வேலை வாங்கி, பட்டினியாலும் நோயாலும் கொன்ற இடம். உயிரோடு மிஞ்சியவர்களுக்கு வீரர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அள்ளிக் கொடுக்கிறார்கள். அப்போது மருத்துவர் வந்து நிறுத்தச் சொல்கிறார். காய்ந்துபோன உடல்களுக்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் அதுவே அவர்களைக் கொன்றுவிடும். கண்காணிப்பில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அதுவரை அவர்கள் முகாமுக்குள்ளேயே இருக்க வேண்டும். இதை ஜெர்மன் மொழியில் சொல்லும் வேலை லீப்காட் என்ற வீரன் தலையில் விழுகிறது. என்னால் முடியாது என்கிறான். சொல்லித்தான் ஆக வேண்டும். வண்டிமேல் ஏறி நின்று சொல்கிறான். கேட்டவர்கள் ஓலமிடுகிறார்கள். அவன் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்கிறான். அதற்குமேல் நான் எழுத வேண்டாம். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தொடரைப் பார்க்காதீர்கள். ஒரே மூச்சிலும் பார்க்காதீர்கள்.

குறைகளும் உண்டு. அந்த முகாமை முதலில் அடைந்தது ஈஸி கம்பெனி அல்ல, அமெரிக்காவின் 12-ஆவது கவசப் படைப்பிரிவு. ஆல்பர்ட் பிளைத் என்ற வீரர் காயத்திலிருந்து மீளாமல் 1948-இல் இறந்துவிட்டதாகத் திரையில் எழுத்து ஓடுகிறது. அவர் குணமாகி, கொரியப் போருக்கும் போய்வந்து, 1967 வரை வாழ்ந்தவர். உண்மை மனிதர்களின் கதை என்று சொல்லும்போது இந்தப் பிழை உறுத்துகிறது. எதிர்த்தரப்பு வீரர்கள் பெரும்பாலும் முகமில்லாமல் விழுகிறார்கள். விண்டர்ஸ் சுட்டுக்கொன்ற ஒரு ஜெர்மன் சிறுவனின் முகம் பாரிஸ் ரயிலில் அவருக்குத் திரும்பி வரும் இடமும், கடைசியில் சரணடைந்த ஜெர்மன் தளபதி தன் ஆட்களிடம் விடைபெறும் இடமும் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடு செய்கின்றன.

அத்தியாயங்களின் தொடக்கத்தில் சில முதியவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஈஸி கம்பெனியில் இருந்த உண்மை வீரர்கள் அவர்கள். பெயர் போடவில்லை. ஒருவர் பேச்சை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இவர் யாராக இருக்கும் என்று நாம் யோசித்தபடியே கதைக்குள் போவோம். பெயர் தெரிந்துவிட்டால் யார் பிழைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடுமே. பத்தாவது அத்தியாயம் முடிந்த பிறகுதான் முகத்துக்குக் கீழே பெயர் வருகிறது. விண்டர்ஸ், லிப்டன், மலார்க்கி, குவார்னியர். இத்தனை நேரம் கூடவே நடந்து வந்தவர்களை அப்போதுதான் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. விண்டர்ஸ் 2011 ஜனவரியில் மறைந்தார். அந்த அணியில் கடைசியாக எஞ்சியிருந்த பிராட்ஃபோர்ட் ஃப்ரீமன் 2022-இல் போய்ச் சேர்ந்தார். அவர்கள் பேசக்கூடிய வயதில் இருந்தபோதே யாரோ போய்க் கேட்டு, எழுதி, படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதே போரில் பெயரில்லாமல் போன நம்மவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஈஸி கம்பெனி டோக்கோவாவில் ஓடிக்கொண்டிருந்த அதே 1942-இல், ஜப்பானியர்கள் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சம்பளம் என்று ஆசைகாட்டியும் லாரியில் வளைத்துப் பிடித்தும் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. அந்தப் பாதையில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு இருக்கின்றன. தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பதிவேடும் இல்லை. மலேசிய எழுத்தாளர்கள் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல ஒரு பத்து அத்தியாயத் தொடர் இன்னும் வரவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் மலாயாவுக்குப் போய், அந்தச் சயாம் (தாய்லாந்து) ரயில் வேலைக்குப் பிடிபட்டவர் யாராவது இருந்தால், திரும்பி வந்தவரோ வராதவரோ, அவருடைய பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புங்கள். பாட்டி சொன்ன ஒரு வரி நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். தேதி தெரியவில்லை, தோட்டத்தின் பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம்; தெரிந்த அளவே போதும். வருகிற இதழ்களில் இதற்கென்று பக்கம் ஒதுக்கி, ஒரு பெயரும் விடாமல் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்