கயிறு யார் கையில்?

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக் குளித்தார்கள். முழுகுகிறவன் கல்லில் கால் வைத்து இறங்குவான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருந்து, சைகை வந்ததும் இழுப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. மலையில் தேனெடுக்கிறவர்களைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள். கயிறு நழுவினால் தாலியறுப்பவள் தன் உடன்பிறந்தாள் என்ற நினைப்பே பிடிக்கிறவன் கையை இறுக்கும்.

இன்று அதே கரையில், சாகுபுரம் ரசாயன ஆலையிலிருந்து உடன்குடி அனல் மின் நிலையம் வரையில், மனிதன் ஏற வேண்டிய உயரங்கள் எத்தனையோ முளைத்துவிட்டன. அவனுக்குக் கயிறு பிடிப்பவன் யார்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1996-இல் கட்டடத் தொழிலாளருக்கென்றே ஒரு சட்டம் செய்து, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியும் வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் லாப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிய கதையைக் கேட்டு, 2017-இல் சுப்ரீம் கோர்ட்டே அதிர்ந்து போயிற்று. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் போய்ப் புதிய தொகுப்புச் சட்டம் வந்தது. அதற்குச் சற்று முன்பு, செப்டம்பர் 30-ந் தேதி, எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் அஸ்ஸாம்காரர்கள். அவர்களுக்கு இங்கே மைத்துனன் ஏது?

"பெல்ட் கொடுத்தால் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறான், ஸார்!" என்று காண்டிராக்டர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எதில் மாட்டுவதாம்? ஆடுகிற சவுக்குக் கட்டையிலா? இடுப்பில் மட்டும் கட்டிய பெல்ட், விழுகிறவனின் வயிற்றையும் முதுகெலும்பையுமே நொறுக்கிவிடும். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் வார்க்கட்டு வேண்டும். சாரத்தைச் சாராத உறுதியான பிடிமானமும் வேண்டும். அதோடு, சதுர அடிக் கணக்கில் கூலி பேசிவிட்டு, அடிக்கடி கொக்கியைக் கழற்றி மாட்டிப் பொழுதைப் போக்கச் சொன்னால் அவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

அமெரிக்காவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது அடியில் வலை விரித்தார்கள். விழுந்தவர்களில் 19 பேரை அது பிழைக்க வைத்தது. 1937 பிப்ரவரியில் சாரமே அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் போனார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வலை, விழுகிறவனிடம் "பெல்ட் மாட்டினாயா?" என்று கேட்பதில்லை.

வலைக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் டெண்டரிலேயே தனித் தொகை வையுங்கள். குறைந்த விலைப் போட்டி அதைத் தொடக்கூடாது. சாரம் சரியாயிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் இன்ஜினீயர், தினமும் காலையில் முதல் ஆளாக அதில் ஏறட்டும். அந்த நேரத்தில் வெயிலும் இராது.