தூரத்தை அளந்தது யார்?

காலில் இரண்டு நீண்ட சறுக்குக் கட்டைகள், கையில் இரண்டு கோல்கள். பனி மூடிய மேட்டிலும் பள்ளத்திலும் 50 கிலோ மீட்டர் போக வேண்டும். இயந்திரம் கிடையாது. கையும் காலும் நெஞ்சுரமும்தான் துணை. இதுதான் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயம்.

இதன் உலகக் கோப்பைப் போட்டிகளில், 2022-23 பருவம் ஒரு பழைய அநீதிக்கு முடிவு கட்டியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம் என்ற விதி அந்தப் பருவத்தில்தான் அமுலுக்கு வந்தது.

அதுவரை நிலைமை என்ன? ஆண்களுக்கு 15 கிலோ மீட்டர் என்றால் பெண்களுக்கு 10. ஆண்களுக்கு 30 என்றால் பெண்களுக்கு 15. ஆண்களுக்கு 50 என்றால் பெண்களுக்கு 30. பெண் உடம்பு தாங்காதாம்!

சரித்திரம் என்ன சொல்கிறது? 1924-ல் சாமொனி நகரில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு 18, 50 கிலோ மீட்டர் பந்தயங்கள் இருந்தன. பெண்களோ 28 ஆண்டுகள் வாசலில் நின்றார்கள். 1952-ல் ஓஸ்லோவில்தான் கதவு திறந்தது. அதுவும் ஒரே ஒரு 10 கிலோ மீட்டர் பந்தயத்துக்கு. அதில் பின்லாந்தின் லிடியா வைடெமன் வென்றார். 1964-ல் சோவியத் வீராங்கனை கிளாவ்டியா போயர்ஸ்கிக் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 1984-ல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 20 கிலோ மீட்டர் வந்தது. 1992-ல் 30 வந்தது. தூரம் கூடிய ஒவ்வொரு தடவையும், 'தாங்காத' உடம்பு தாங்கியே காட்டியது.

ஆயினும் 2022 மே மாதம் சர்வதேச பனிச்சறுக்கு சம்மேளனத்தின் கமிட்டியில் சம தூரத்தை ஆதரித்தவர்கள் 57 சதவீதத்தினர்தான். "தூரம் சமமாக வேண்டாம், ஓடும் நேரம் சமமாக இருந்தால் போதும்" என்றும் ஒரு வாதம் எழுந்தது. மாரத்தான் ஓட்டத்தில் பெண்களுக்கென்று தூரத்தைக் குறைக்கிறார்களா? இல்லையே! பிறகு பனியில் மட்டும் ஏன் இந்தக் கரிசனம்?

"ஆண்களின் 15 கிலோ மீட்டரை 10 ஆகவும், 30-ஐ 20 ஆகவும் குறைத்து விட்டார்களே" என்று சிலர் வருந்துகிறார்கள். இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆணின் அளவுகோலைப் பெண்ணிடம் நீட்டுவது சமத்துவம் அல்ல. இருவருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றை வகுப்பதே சமத்துவம்.

2023 மார்ச்சில் ஓஸ்லோவின் ஹோல்மென்கோலன் குன்றில் உலகக் கோப்பைப் பந்தயமாகப் பெண்கள் முதன்முதலில் 50 கிலோ மீட்டர் ஓடினார்கள். நார்வேயின் ராக்ன்ஹில்ட் ஹாகா வென்றார். ஆனால் அதே பருவத்தில் பிளானிட்சாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் பழைய தூரங்களே நீடித்தன. 2025-ல் டிரொண்ட்ஹெய்மில்தான் அங்கும் சம தூரம் வந்தது.

வேலை இன்னும் முடியவில்லை. தாவலும் சறுக்கோட்டமும் சேர்ந்த 'நார்டிக் கூட்டுப் போட்டி'யில், 2026 ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு இடமில்லை என்று 2022-ல் முடிவு செய்தார்கள். 1924 முதல் ஆண்கள் மட்டுமே ஆடிவரும் போட்டி அது!

"உன்னால் முடியாது" என்று யாராவது சொன்னால், தோழர்களே, முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: முயன்று பார்க்க எப்போதாவது விட்டீர்களா?