மூத்தவர் யார், பெரியவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

இயற்பியல் படிக்கிறவனுக்கு ஸ்பானிய மொழி எதற்கு என்று விடுதி நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நம் நூலகத்து மூலை அலமாரியில் அட்டை கிழிந்த ஸ்பானியப் பாடநூல் ஒன்று கிடந்தது. கோடை விடுமுறையில் பொழுது போகவில்லை. அவ்வளவுதான் காரணம். ஆனால் வயதையும் அளவையும் ஒப்பிடும் பாடத்துக்கு வந்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று யோசிக்க வேண்டியதாயிற்று.

ஒரு வீட்டைவிட இன்னொரு வீடு பெரியது என்றால் ஸ்பானியர் 'மாஸ் கிராந்தே' என்பர். 'மாஸ்' என்றால் அதிகம். 'கிராந்தே' என்றால் பெரிய. ஒருவருக்கு வயது கூடுதல் என்றாலோ 'மயோர்'. குறைவு என்றால் 'மெனோர்'. 'எர்மானோ மயோர்' அண்ணன். 'எர்மானோ மெனோர்' தம்பி. (அவர்களுக்குச் சகோதரன் என்ற ஒரே சொல்தான், அடை சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும். இந்த வகையில் நாம் பணக்காரர்கள்!) தம்பி அண்ணனைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டால் அவன் 'மாஸ் ஆல்தோ', அதிக உயரமானவன். அப்போதும் மெனோர்தான்.

முதுமைக்கு 'வியெஹோ' என்று வேறு சொல் இருக்கிறது. 24 வயதான என் அண்ணனை யாரும் வியெஹோ என்று சொல்ல மாட்டார்கள். என்னைவிட மயோர் என்பார்கள். நம் வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளையும் 'மூத்தவன்' ஆகிறானே, அதுபோல. ஸ்பெயினின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புப்படி 18 வயது நிறைந்த எவரும் 'மயோர் தே எதாத்', வயது வந்தவர். படித்தவரா, பாமரரா என்று அங்கே கேள்வி இல்லை.

மயோர் என்பதும் பழைய லத்தீனில் 'இன்னும் பெரிய' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஏறத்தாழ 3,640 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு மயோர்கா. பக்கத்தில் 700 சதுர கிலோமீட்டர் அளவே உள்ளது மெனோர்கா. பெரிய தீவு, சிறிய தீவு என்பதே பெயர்களின் பொருள். ஆக, அளவும் வயதும் அங்கேயும் ஒரு வேரில் கலந்தவைதான். தமிழில் 'பெரியவர்' என்ற சொல் வயதுக்கும் வரும், பதவிக்கும் வரும், படிப்புக்கும் வரும். எந்த அளவுகோல் என்று யாரும் கேட்பதில்லை. நீளத்தை எடையோடு ஒப்பிட்டு விடை எழுதினால் நம் பேராசிரியர்கள் சும்மா விடுவார்களா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று கொத்து வேலைக்குப் போனார். அந்தக் கூலியில்தான் என் பரீட்சைக் கட்டணம் கட்டப்படுகிறது. இப்போது உறவினர் வந்தால், "பெரிய படிப்புப் படிக்கிறவன், நீ சொல்லப்பா" என்று என் பக்கம் திரும்புகிறார்கள். வரப்புத் தகராறா, அக்காள் வீட்டுச் சீர் விவகாரமா, எல்லாவற்றுக்கும் நான்! அண்ணன் திண்ணை ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறார். முதலில் எனக்கு அது பெருமையாகவே இருந்தது. ஒளிப்பானேன்?

படிப்புக்கு மரியாதை கூடாது என்பதல்ல என் கட்சி. மனு எழுத வேண்டுமா, நான் எழுதுகிறேன். ஆனால் நெல் என்ன விலைக்குப் போகும், எந்தப் பங்காளியின் வாக்கை நம்பலாம் என்பதெல்லாம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அண்ணனுக்குத் தெரியும்.

சென்ற மாதம் வரப்பு விஷயமாக மறுபடி ஆட்கள் வந்தார்கள். "அண்ணனைக் கேளுங்கள், அவர்தான் மூத்தவர்" என்றேன். அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பரீட்சையில் தோற்றுவிட்டேனோ என்று நினைத்திருப்பார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணை நடுவில் வந்து உட்கார்ந்தார்.