விரலை எடுக்காத வாசகர்களுக்கு



1979-இல் அமெரிக்காவில் ‘தி கேவ் ஆஃப் டைம்’ என்றொரு சிறுவர் நூல் வந்தது. எழுதிய எட்வர்ட் பேக்கார்ட் ஒரு வழக்கறிஞர். இரவில் மகள்களுக்குக் கதை சொல்கையில் அடுத்து என்ன என்று தோன்றாமல் நின்றால், “நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று அவர்களையே கேட்பாராம். அந்தக் கேள்விதான் புத்தகமாயிற்று. கதாநாயகன் வேறு யாருமில்லை, வாசிக்கிற நீங்கள்தான். குகைக்குள் நுழைந்தால் காலம் மாறிவிடும். இந்த வழி என்றால் இந்தப் பக்கம், அந்த வழி என்றால் அந்தப் பக்கம் என்று புரட்டிக்கொண்டே போக வேண்டும். முடிவுகள் மட்டும் 40!

இந்த வகை நூலைப் படிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் ஒரு தந்திரம் செய்வார்கள். பிரிவு வரும் பக்கத்தில் விரலைச் செருகி வைத்துக்கொள்வார்கள். செத்துப்போனால் அந்தப் பக்கத்துக்கே திரும்பி வேறு வழி. எனக்கென்னவோ, அந்த விரல்தான் நிஜமான கால இயந்திரம். ஆனால் செலவில்லாத இயந்திரம். அதனால்தான் கொஞ்சம் அலுத்தும் போகிறது.

1986-இல் வந்த ‘டிரினிட்டி’ என்ற கணினி விளையாட்டு அப்படி விடாது. படமே கிடையாது, முழுக்க எழுத்து. ஆக்கியவர் பிரையன் மோரியார்ட்டி. லண்டன் பூங்கா ஒன்றில் அணு ஏவுகணை விழப்போகும் நேரத்தில் கதை தொடங்கி, 1945 ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனைக்கு நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. குண்டைக் கெடுத்தால் உலகம் தப்பும் என்று நம்பிப் பாடுபடுகிறோம். கெடுத்தும் விடுகிறோம். அப்புறம்தான் தெரிகிறது, கெடுக்காமல் விட்டிருந்தால் நியூ மெக்சிகோவே சாம்பலாகியிருக்கும். நாம் வெடிப்பைச் சிறிதாக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். அணு யுகம் பிறந்தேவிடுகிறது. நாம் மறுபடியும் அதே பூங்காவில்! (இத்தனை ஆண்டு கழித்து முடிவைச் சொன்னால் குற்றமில்லை.)

கடந்த காலத்தைத் தொட்டால் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். அது இல்லாத காலப் பயணக் கதை வெறும் சுற்றுலா என்பது என் கட்சி.

நீங்களும் ஒன்று எழுதி அனுப்புங்களேன். நான்கு பக்கத்துக்குள், வாசகரே வழி தேர்ந்தெடுக்கும்படி, குறைந்தது மூன்று முடிவுகளோடு. நல்லவற்றை வெளியிடுவோம். ஒவ்வொரு பத்திக்கும் எண் போட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் பக்கம் வடிவமைப்பவர் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்.

அன்புடன்,
ஆசிரியர்