கொல்லாமரத்துக்குக் குடிப்பழக்கம் வேண்டாம்

தேரிக்காட்டு ஓரத்தில் விவசாயம் பார்க்கிற எங்களிடம் இப்போது அடிக்கடி வருகிற கேள்வி இது: "அண்ணாச்சி, தேரியில ஒரு போரப் போட்டு, சொட்டுநீர் இழுத்து, கொல்லாவுக்குத் தண்ணி விட்டா ரெண்டு மடங்கு கொட்டை எடுக்கலாம்லா?"

எடுக்கலாம். சில வருஷம் நல்லாவே எடுக்கலாம். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதுதான் என் பேச்சு.

தேரியைப் பார்க்காத உறவுகளுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், திருச்செந்தூர், உடன்குடி பக்கம் கடலை ஒட்டிக் கிடக்கிற செம்மணல் மேடுகள்தான் தேரி. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடித்தால் மணல் எழும்பி நகரும். கண்ணைத் திறக்க முடியாது. கணக்கு எழுதுகிறவர்கள் தரிசு என்கிறார்கள், சினிமாக்காரர்கள் பாலைவனம் என்கிறார்கள். ஆனால் உள்ளே நடந்து பாருங்கள்: பனை, உடை, கொல்லா. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் மணலுக்கு நடுவே சுனை. ஆச்சரியம் ஒன்றுமில்லை. மணலில் பெய்கிற மழை ஓடுவதில்லை, விழுந்த இடத்திலேயே இறங்குகிறது.

மற்ற ஊரில் முந்திரி என்பதை நாங்கள் கொல்லா என்போம். பறங்கிமாங்கொட்டை என்றும் பழைய ஆட்கள் சொல்வார்கள், அந்தப் பேரிலேயே வரலாறு இருக்கிறது. பிரேசிலின் வடகிழக்குக் கரையோர மணல் இதன் தாய்வீடு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கொண்டு வந்தார்கள். மணலில் பிறந்தது மணலுக்கே வந்தது, பிழைத்துக்கொண்டது. ஆணிவேர் கீழே போகும், பக்கவேர்கள் கிளை விரிப்பையும் தாண்டி ஓடும். இலை தோல் மாதிரி தடிப்பு. உதிர்ந்தால் சீக்கிரம் மக்காது, அதுவே மூடாக்கு. மழை முடிந்த பிறகு மார்கழி, தையில் பூத்து, பங்குனி, சித்திரை வெயிலில் கொட்டையைக் கொடுக்கும். நாம் தண்ணிக்கு அலைகிற மாசத்தில் அது விளைச்சல் கொடுக்கிறது.

வறண்ட நிலத்தில் பிழைக்கிற எதைப் பார்த்தாலும் ஒரே சங்கதிதான். வரவைக் கூட்ட அவற்றால் முடியாது, செலவைத்தான் குறைக்கின்றன. உடைமரம் இலையைப் பொடிப்பொடியாக வைத்துக்கொள்கிறது. சப்பாத்திக்கள்ளி பகலில் மூச்சுத்துளையை மூடிவிட்டு ராத்திரி திறக்கிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் கங்காரு எலி என்று ஒன்று உண்டு. தண்ணீரே குடிக்காமல் வாழும். காய்ந்த விதையைத் தின்று, அது உடம்பில் செரித்து எரியும்போது பிறக்கிற நீரிலேயே காலம் தள்ளும், பகல் முழுக்க வளைக்குள் கிடக்கும். ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் வரும் என்பது உடலியல் கணக்கு.

இப்படிப்பட்ட சிக்கனக்கார மரங்களுக்கு மனுசன் குடிப்பழக்கம் பழக்கிவிட்டால் என்ன நடக்கும்? உலகத்தில் ரெண்டு இடத்தில் பார்த்தாகிவிட்டது.

வாதுமையும் பிஸ்தாவும் மேற்கு ஆசிய, மத்திய ஆசிய வறண்ட மலைச்சரிவுகளைச் சேர்ந்த மரங்கள். ஈரானில் கெர்மான் மாகாணத்து ரஃப்சஞ்சான் பிஸ்தாவுக்குப் பேர்போனது. மலையடித் தண்ணீரைச் சரிவிலேயே நடத்திக் கொண்டுவரும் கனாத் என்ற சுரங்கக் கால்வாய்தான் அங்கே பழைய பாசனம். வருகிற அளவுக்குத்தான் எடுக்க முடியும். பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன, தோப்பு பெருகியது, நீர்மட்டம் போனது, உப்பு ஏறியது. வறட்சியைத் தாங்கும் என்று பேர் வாங்கிய மரமே காய்ந்து நிற்கிறது.

கலிபோர்னியா இன்னொன்று. உலக வாதுமையில் ஐந்தில் நாலு பங்கு அங்கே விளைகிறது. அங்குள்ள சான் வாக்கின் பள்ளத்தாக்கில், பாசனத்துக்கு நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, 1925க்கும் 1977க்கும் இடையில் ஓரிடத்தில் தரையே சுமார் 28 அடி இறங்கியது. அந்தக் காலத்துப் பாசனம் வாதுமைக்கானது மட்டுமல்ல, பல பயிருக்கும்தான். ஆனால் அதே பள்ளத்தாக்கில்தான் பிறகு வாதுமைத் தோப்புகளைப் பெருக்கினார்கள். வறட்சி வருஷத்தில் நெல் வயலைச் சும்மா போடலாம், மரத்தைப் போட முடியுமா? மறுபடி இறைத்தார்கள், தரை மறுபடி இறங்கியது. 2014இல்தான் நிலத்தடி நீருக்கு அங்கே மாநிலச் சட்டம் வந்தது.

நம்ம தேரிக்கு ஆபத்து இதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. கடல் பக்கத்தில் இருக்கிறது. கரையோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல் மிதந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பை அமுக்கி வைக்கும் என்பது நீரியல் சொல்லும் பொதுக்கணக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு அடி மட்டம் இறங்கினால், நாளடைவில் உப்பு 40 அடி மேலே வரும். உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் கிணறு உப்பாகிப்போன கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. தேரியில் இறங்குகிற மழைதான் அந்த உப்பை எதிர்த்து நிற்கிற காவல். அதைக் கொல்லாவுக்கு இறைத்து விற்றால் கொட்டைக்கு விலை கிடைக்கும், குடிக்கிற தண்ணிக்கு லாரியை எதிர்பார்க்க வேண்டும்.

தண்ணி மட்டும் போகாது. அடர் நடவு, நீர், உரம் என்று தள்ளினால் மரம் தளிர் தளிராக விடும். தேயிலைக் கொசு அந்தத் தளிரைத் தேடித்தான் வரும். அடுத்தது மருந்துக் கடை. காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகம் முந்திரிக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்ததில் பிறந்த பிள்ளைகளை நாம் பார்த்தோம். 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்ன முசுறு எறும்பு இருக்கிறது. பறிக்கும்போது கடிக்கத்தான் செய்யும், அதற்காக நெருப்பு வைக்காதீர்கள்.

மானாவாரி கொல்லா குறைவாகத்தான் காய்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கரண்டும் குழாயும் போர்க்கடனும் இல்லை. கழித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம். பழத்தை வேறு மண்ணில் விடுகிறோம், கோவாக்காரன் அதில் ஃபெனி காய்ச்சி புவிசார் குறியீடே வாங்கிவிட்டான். சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் கொடுக்கிற அரசு, மழையில் நிற்கிற கொல்லாவுக்கும் உடைக்கும் பனைக்கும் அதே தாராளத்தைக் காட்டட்டும். உடையை ஜேசிபி வைத்துத் தள்ளி மட்டப்படுத்துகிறவர்களை ஊர்க்கூட்டத்தில் கூப்பிட்டுக் கேட்போம்.

நடுகிறவர்களுக்கு: பையில் வளர்த்த கன்றின் ஆணிவேர் சுருண்டிருக்கும், தேரிக்கு நேரடி விதைப்புதான் என் கட்சி. தண்ணியில் போட்டு மூழ்குகிற கொட்டையாக எடுங்கள். ஐப்பசி மழையில் குழிக்கு ரெண்டு, காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி, ரெண்டு அங்குல ஆழம். தென்மேற்குப் பக்கம் உடை நிற்கட்டும், காற்றுக்கு அது மறைப்பு. முதல் ரெண்டு கோடைக்குப் பானையில் தண்ணி, அதற்குமேல் வேண்டாம். அணில் தோண்டாமல் இருக்க, குழிமேல் ஒரு கை உடைமுள்ளை வெட்டிப் போட்டுவிடுங்கள்.